வளையமும் வாலும்

1946இல் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினின் மூலக்கூறு அமைப்பு வெளியானது. அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு மாணவரான எட்வர்ட் டெய்லருக்கு அந்த அமைப்பில் ஒன்று உறுத்தியது. கார்பனும் நைட்ரஜனும் கலந்த டெரிடின் என்னும் இரட்டை வளையம். பட்டாம்பூச்சிச் சிறகின் நிறமியில் பார்த்த வளையம் அது. ஈரலில் கிடைக்கும் வைட்டமினில் அதற்கு என்ன வேலை?

கார்பனோடு வேறு தனிமமும் சேர்ந்த இத்தகைய வளையங்களைப் பல்லின வளையங்கள் என்பார்கள். டி.என்.ஏ.வின் எழுத்துகளும் இந்த வகைதான். புது டி.என்.ஏ. உருவாக ஃபோலிக் அமிலம் தேவை. ஓயாமல் பெருகும் புற்றுநோய்ச் செல்லுக்கு இன்னும் அதிகம் தேவை. அதன் வேடத்தில் வேறொரு மூலக்கூறை அனுப்பினால்? பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர், சுப்பாராவ் குழுவினர் தயாரித்த அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது என்று 1948இல் எழுதினார்.

எல்லாரும் வளையத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கென்னவோ வால்தான் சுவாரசியம். இந்த மூலக்கூறுகளின் மறுமுனையில் குளூட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலம் தொங்குகிறது. அஜினோமோட்டோ அதன் உப்புதான். மருந்து செல்லுக்குள் போனதும் ஒரு நொதி அந்த வாலில் மேலும் மேலும் குளூட்டாமிக் அமிலத்தைக் கோக்கிறது. பத்தாயத்து ஓட்டையில் புகுந்து தின்று கொழுத்த எலிபோல, மருந்துக்கு வந்த வழியே திரும்ப முடிவதில்லை.

பின்னர் பிரின்ஸ்டனில் பேராசிரியரான டெய்லர், வாலை விட்டுவிட்டு வளையத்தில் கைவைத்தார். எலி லில்லி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய லோமெட்ரெக்ஸாலின் நச்சுத்தன்மையை நோயாளிகளின் உடல் தாங்கவில்லை. குடுவையில் செல்லைக் கொன்றதுமே ‘புற்றுநோய்க்கு மருந்து ரெடி’ என்று தலைப்புப் போடுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அடுத்த முயற்சியில், ஓர் ஆறணு வளையத்தின் இடத்தில் ஐந்தணு வளையம் வந்தது. அதுதான் பெமெட்ரெக்ஸெட்.

ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு, சிஸ்பிளாட்டின் என்ற மருந்தோடு அதைச் சேர்த்துக் கொடுக்க 2004இல் அமெரிக்கா அனுமதித்தது. சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 9.3 மாதம் தாண்டினார்கள் என்றால், இரண்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 12.1 மாதம் தாண்டினார்கள். இத்தனை உழைப்புக்கு மூன்று மாதமா என்று கேட்கலாம்தான். ஆனால் அந்த நோய்க்கென்று அதற்குமுன் அங்கே அனுமதி பெற்ற மருந்தே கிடையாது.

பக்கவிளைவைத் தணிக்க, சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்பே ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் தொடங்கிவிடுவார்கள். ஆமாம், மருந்து யார் வேடத்தில் நுழைகிறதோ அதே ஃபோலிக் அமிலம்! ‘வைட்டமின்தானே’ என்று நோயாளி அதைத் தானாக நிறுத்தினால், பெமெட்ரெக்ஸெட் அவரையே பதம் பார்த்துவிடும்.