சைக்ளோஸ்டைலில் கிளம்பிய சிறுத்தைகள்

மகாகணபதி கோயிலாலும் தொழிற்பேட்டையாலும் அறியப்படும் ரஞ்சன்காவ், மகாராஷ்டிரத்தின் புணே மாவட்டம் சிரூர் வட்டத்தில் உள்ளது. அதை ஒட்டிய கேட் வட்டத்தில் 1949-ல் பிறந்தவர், மும்பையில் டாக்ஸி ஓட்டிய கவிஞர் நாமதேவ் தசால். பெரிய பத்திரிகைகள் அச்சிடக் கூசிய சேரி மொழிக்கு இடமளித்தவை மராத்திச் சிற்றிதழ்கள்.

லண்டனில் பங்க் இசை ரசிகர்கள் 'ஸ்னிஃபின் குளூ' இதழை நகலெடுத்து விற்றது 1976-ல். அதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் முன்பே திலீப் சித்ரே, அருண் கொலட்கர் உள்ளிட்டோர் மும்பையில் 'சப்த' இதழை சைக்ளோஸ்டைல் செய்து வெளியிட்டனர். இத்தகைய இதழ்களுக்கு மராத்தியில் 'அநியதகாலிகம்' என்று பெயர். காலந்தவறுவதையே பெயராக்கிக் கொள்ளும் துணிச்சல் நம் சிற்றிதழ்காரர்களுக்குக்கூட வந்ததில்லை.

அவ்வாறு இதழ் நடத்திய ராஜா தாலே, 1972 ஆகஸ்ட் 15-ல் வெளியான புணே வார இதழ் 'சாதனா'வின் சிறப்பிதழில் ஒரு கணக்கை முன்வைத்தார்: தேசியக் கொடியை அவமதித்தால் அபராதம் 300 ரூபாய், தலித் பெண்ணை மானபங்கப்படுத்தினால் 50 ரூபாய். நாடே கொதித்தது, கொடிக்காக.

அதே ஆண்டு தாலே, தசால், ஜே.வி. பவார் ஆகியோர் உருவாக்கிய தலித் பேந்தர்ஸ் இயக்கமே பின்னர் மதுரையிலும் கிளைவிட்டது. இன்றைய விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் வேர் அது.