கட்டுமானக் கல்வி – 9: மேஸ்திரிகளுக்கான ஆடி மாதப் பட்டறை

புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் வீடு கட்ட நினைப்பவர் பெரும்பாலும் முதலில் தேடிப்போவது மேஸ்திரியைத்தான். சதுர அடிக்கு இன்ன கூலி என்று பேசி, கொத்தனார்களையும் சித்தாள்களையும் திரட்டி, கம்பி கட்டுபவரையும் சென்ட்ரிங் அடிப்பவரையும் அமர்த்தி வேலையை முடித்துக் கொடுப்பவர் அவரே. கலவைக்கு எவ்வளவு தண்ணீர், முட்டுகளை எப்போது பிரிப்பது என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல்படி நடக்கின்றன. கொத்தனாருக்கு மட்டும் பயிற்சி அளித்துவிட்டு மேஸ்திரியை விட்டுவிட்டால், கற்ற பாடம் வேலையிடத்தில் செல்லுபடியாகாது.

பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் கொத்தனார்களுக்கு 45 நாள் பயிற்சி உண்டு. ஒரு வீட்டை உண்மையாகவே கட்டியபடி கற்பது அதன் பலம். ஆனால் இரண்டு மூன்று இடங்களில் வேலை நடத்தும் மேஸ்திரியால் 45 நாள் விட்டு வர முடியாது. சனிக்கிழமை கூலி பட்டுவாடா முடிந்தால் ஞாயிறு ஒன்றே அவருக்கு மிஞ்சும். எனவே வாரம் ஒரு நாள் வகுப்பே அவருக்கு ஏற்றது.

மாதம் எது என்பதற்கும் விடை உள்ளூரிலேயே இருக்கிறது. ஆடியில் புதிதாக அஸ்திவாரம் போடுவோர் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை குறுக்கிடும். கான்கிரீட்டின் வலுவை அளப்பது 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும். ஆடியின் முதல் ஞாயிறன்று வார்த்த சோதனைக் கட்டியை அடுத்த ஞாயிறு ஒரு முறையும், ஐந்தாவது ஞாயிறு மறுமுறையும் உடைத்துப் பார்க்கலாம். பாட அட்டவணையைக் கான்கிரீட்டே வகுத்துக் கொடுத்துவிடுகிறது.

முதல் பாடம் தண்ணீர். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டர் ஊற்றி ஒரு கலவை, 35 லிட்டர் ஊற்றி இன்னொரு கலவை. இரண்டிலும் கட்டிகள் வார்த்து, அருகிலுள்ள பாலிடெக்னிக் சோதனைக்கூடத்தில் உடைக்க வேண்டும். இளக்கமான கலவை பரப்பச் சுலபம், அதனால்தான் தண்ணீர் கூடுகிறது. வலுவோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். அதைக் கண்ணால் கண்ட மேஸ்திரிக்கு விளக்கவுரை தேவைப்படாது. ஈர மணல் உப்பி நிற்பதால் சட்டிக்கணக்கு ஏமாற்றும் என்பதையும் அதே நாளில் காட்டலாம். ஒரு வாளி ஈர மணலில் தண்ணீரை நிரப்பினால் மட்டம் இறங்கிவிடும்.

தண்ணீரை ஊற்றுவதும் சட்டியை எண்ணுவதும் பெரும்பாலும் சித்தாள் பெண்கள். அவர்களை அழைக்காத பட்டறை பாதிப் பட்டறைதான். 1990-களின் தொடக்கத்தில் இதே மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பரவிய காலத்தில், கல் உடைத்த பெண்களே குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். எழுத்தும் கணக்கும் தொழிலோடு சேர்ந்து வந்தால் பெண்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு வெளியூரில் சான்று தேட வேண்டியதில்லை.

அடுத்த பாடம் முட்டு. சென்ட்ரிங் தகடுகளுக்கு நாள் வாடகை ஏறுவதால் முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்கும் அவசரம் மேஸ்திரிக்கே உரியது. 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. இது கூலிக் கணக்கோடு சேர்த்துப் பேச வேண்டிய பாடம். வாடகையை முன்கூட்டியே ஒப்பந்தத் தொகையில் சேர்க்கத் தெரிந்தவராலேயே விதியைக் காக்க முடியும். தளக் கம்பிக்கு அடியில் 20 மி.மீ. இடைவெளி, வரைபடம் வாசித்தல், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவு ஆகியவற்றுக்கு ஒரே ஞாயிறு போதும்.

கோனாப்பட்டு, ராயவரம் போன்ற ஊர்களின் பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்குத் தனிப் பட்டறை வேண்டும். அவற்றின் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு பெயரும். சுண்ணாம்புப் பூச்சின் கையறிவு முதிய கொத்தனார்களிடம் இருப்பதால், ஆசிரியர்களும் அவர்களே.

சான்றிதழைக் கடைசி ஞாயிறன்றே கொடுத்துவிடாமல், தை மாதத்தில் ஒவ்வொருவரின் வேலையிடத்துக்கும் போய்ப் பார்த்த பிறகு கொடுப்பது நல்லது. கலவை போடும் இடத்தில் அளவு வாளி இருக்கிறதா, தளம் வார்த்த தேதியும் முட்டு பிரித்த தேதியும் குறிப்பேட்டில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.