பழைய வளிச்சீராக்கி: திருத்துவதா, மாற்றுவதா?



பழுதுற்ற பொருளொன்றைத் திருத்துவதா, அன்றி அதனை நீக்கிப் புதியது வாங்குவதா என்னும் கேள்வி எல்லா வீடுகளிலும் எழுவதுதான். குடையென்றால் அக்கேள்வி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிய வளிச்சீராக்கி என்றால் அவ்வளவு இலகுவில் முடிவதில்லை. ஏசி என்று நாம் எல்லோரும் வழங்கும் அந்த இயந்திரத்தைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். நான் பொறியியலாளன் அல்லன். கலைப்பட்டம் பெற்ற ஒரு பாடசாலை அதிபர். எனினும் ஒரே இயந்திரத்தைப் பற்றி இருமுறை முடிவு செய்ய நேர்ந்து, ஒருமுறை சரியாகவும் மறுமுறை பிழையாகவும் முடிவு செய்தவன் என்ற உரிமை எனக்குண்டு.

எங்கள் வீடு மட்டக்களப்பில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடியில் உள்ளது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அங்கு வீட்டுச் சுவரும் சுடும். மூச்சிரைப்பு நோயுள்ள என் தாயாரின் அறைக்காக 2011 ஆம் ஆண்டில் 12,000 பீ.ரீ.யூ. கொள்ளளவுள்ள ஒரு வளிச்சீராக்கியை வாங்கினேன். 2019 ஆம் ஆண்டு வைகாசியில் அதன் குளிர் குறைந்தது. முதலில் வந்த திருத்துநர் பெட்டியைத் திறவாமலே, "எட்டு வருடமாயிற்று ஐயா, இனிப் புதியதுதான்" என்றார். மனம் ஒப்பாமல் இன்னொருவரை அழைத்தேன். அவர் இரு பெட்டிகளையும் கழற்றி நீரைப் பாய்ச்சிக் கழுவினார். வெளிப்பெட்டியின் உலோகத் தகடுகளுக்கிடையே தூசியும் சிலந்திவலையும் கம்பளிபோல் அடைந்திருந்தன. அன்று மாலையே அறை முன்போற் குளிர்ந்தது. அதனைக் கண்ட தாயார், "மகன், குளிப்பாட்டினால் நானும் சுகமாத்தான் இருக்கிறன்" என்று சிரித்தார்.

அழுக்கினால் வந்த நோயை முதுமையென்று கருதிவிடலாகாது என்பதே அன்று நான் கற்ற பாடம். இதனை விளங்கிக்கொள்ள, இயந்திரம் என்ன செய்கின்றது என்பதைச் சற்றே அறிதல் வேண்டும். வளிச்சீராக்கி குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய் விடுகின்றது. அவ்வாறு வெப்பத்தைச் சுமக்கும் கூலியாளே காஸ் எனப்படும் குளிரூட்டும் வாயு. உள்ளே தொங்கும் பெட்டியில் அது ஆவியாகி வெப்பத்தை வாங்குகின்றது. வெளிப்பெட்டியிலுள்ள கொம்பிரசர் அதனை அமுக்க, அங்கே அது மீண்டும் திரவமாகி வெப்பத்தை விட்டுவிடுகின்றது. இச்சுற்று ஓயாது நிகழும். வெப்பம் கைமாறும் இவ்விரு இடங்களிலும் தூசி படிந்தால், கூலியாள் நலமாயிருந்தும் சுமையை ஏற்றவும் இறக்கவும் முடியாது திணறுவான்.

ஆதலால் முடிவு செய்வதற்குமுன் நேயர்கள் செய்யத்தக்க சோதனைகள் சிலவற்றைக் கூறுகின்றேன். முதலாவதாக, உட்பெட்டியின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள். பாவனையுள்ள மாதங்களில் இரு வாரங்களுக்கு ஒருமுறை இதனைச் செய்தல் நன்று. அதன்பின் வெப்பநிலையை ஆகக்குறைந்த எண்ணில் வைத்து, இயந்திரத்தைக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். அறைக்காற்று பெட்டிக்குள் புகும் இடத்திலும், குளிர்காற்று வெளிவரும் வாயிலிலும் ஒரு வெப்பமானியைப் பிடித்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய 8 முதல் 12 பாகை செல்சியசு வேறுபாடு இருப்பின் இயந்திரம் தன் கடமையைச் செய்கின்றது. அவ்வாறிருந்தும் அறை குளிரவில்லையெனில், குற்றம் அறையில் இருக்கலாம். மேற்கு வெயில் நேரே விழும் யன்னலும், உட்கூரையில்லாத தகரக் கூரையும் எந்த இயந்திரத்தையும் தோற்கடித்துவிடும். அங்கே புது இயந்திரத்தைவிட ஒரு தடித்த திரைச்சீலை மலிவானது.

சில குறைகள் பயமுறுத்தினாலும் சிறியவை. உட்பெட்டியிலிருந்து நீர் சொட்டுவது பெரும்பாலும் வடிகுழாயில் பாசி அடைத்ததனால் ஆகும். வெளிப்பெட்டி உறுமிவிட்டுத் தொடங்காது நிற்பின், கெப்பாசிற்றர் என்று கடைகளில் கேட்கப்படும் கொள்ளளவி பழுதுற்றிருக்கக்கூடும். அது விலை குறைந்த உறுப்பு. இவற்றுக்காக எவரும் இயந்திரத்தை மாற்றவேண்டியதில்லை.

இனி, பெரிய குறைகளுக்கு வருவோம். அவற்றுள் முதன்மையானது காஸ் குறைதல். மோட்டார் வண்டியில் பெற்றோல் தீர்வதுபோல் வளிச்சீராக்கியில் காஸ் தீர்ந்துபோவதில்லை. அது மூடிய குழாய்களுள் சுற்றுவது. இயந்திரம் உள்ளளவும் அங்கேயே இருக்கவேண்டியது. ஆகவே காஸ் குறைந்தது என்றால் எங்கோ கசிவு உண்டு என்பதே பொருள். கசிவைக் கண்டு அடையாமல் மேன்மேலும் காஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதையொக்கும்.

என் இரண்டாவது முடிவு பிழைத்தது இங்கேதான். 2022 ஆம் ஆண்டில் எங்கள் இயந்திரத்தில் காஸ் குறைந்தது. நிரப்பினோம். ஐந்து மாதத்தில் மீண்டும் குறைந்தது, மீண்டும் நிரப்பினோம். உட்பெட்டியின் செப்புச் சுருளைக் கடலின் உப்புக்காற்று அரித்துவிட்டது என்று திருத்துநர் சொல்லியும் நான் கேட்கவில்லை. 2019 இல் திருத்தி வென்றவன் அல்லவா? அந்த வெற்றியே என் கண்ணை மறைத்தது. ஒவ்வொரு முறை கொடுத்ததும் சிறு தொகையாகத் தோன்றியது. 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்றாம் முறையும் நிரப்பியபின் கூட்டிப் பார்த்தபோது, புதியதொன்றின் விலையில் பாதியை அண்மித்திருந்தேன்.

மின்சாரத்துக்குக் கொடுத்தது வேறு. நம் நாட்டின் மின்கட்டணம் 2022 ஆம் ஆண்டு ஆகத்தில் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 ஆம் ஆண்டு பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. பின்னர் அது ஏறியும் இறங்கியும் வந்திருப்பினும், அலகுகள் கூடக்கூட ஓரலகின் விலையும் கூடும் படிமுறையே வீடுகளுக்கு வழங்கிவருகின்றது. ஓர் இரவு வீட்டின் ஏனைய மின்பொருள்களை நிறுத்திவிட்டு, வளிச்சீராக்கியை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு மின்மானியைப் பார்த்தேன். 1.2 அலகு செலவாகியிருந்தது. காஸ் குறைந்தமையால் கொம்பிரசர் ஓய்வின்றி ஓடியது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாயின், மாதம் 288 அலகு. இச்சோதனையை யாரும் தம் வீட்டிற் செய்து பார்க்கலாம். விற்பனையாளரின் வாக்கைவிட மின்மானியின் வாக்கு நம்பத்தக்கது.

அவ்வளவும் அறிந்தும் மாற்றுவதைப் பிற்போட்டேன். கச்சான் காற்று வீசிய ஓர் இரவு, கொம்பிரசர் அடியோடு நின்றது. விடியுமுன் தாயாருக்கு மூச்சிரைப்பு மிகுந்தது. மூன்று நாள் மருத்துவமனையில் வைத்திருக்க நேர்ந்தது. அவர் நலமாகத் திரும்பினார். அவர் திரும்புமுன் புதிய இயந்திரம் சுவரில் ஏறியிருந்தது. இன்வேட்டர் வகையைச் சேர்ந்த அவ்வியந்திரம், அறை குளிர்ந்தபின் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது. அதே கொள்ளளவு, அதே அறை, அதே மின்மானி. மணிக்கு ஏறக்குறைய அரை அலகு. மாதம் 120 அலகு அளவில் வந்தது.

அப்படியாயின் மாற்றும் காலம் எது? நன்கு பேணப்பட்ட வளிச்சீராக்கி பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும். கடலோரத்தில் அதனினும் குறைவு. ஆயினும் வயது மட்டும் காரணமாகாது. பத்தாண்டை அண்மிய இயந்திரத்தில் கொம்பிரசர் பழுதுற்றாலும், சுருள் அரிக்கப்பட்டுக் கசிந்தாலும், திருத்தும் செலவு புதியதன் விலையில் பாதியை எட்டினாலும் மாற்றுவதே அறிவுடைமை. ஓராண்டுக்குள் இருமுறை காஸ் நிரப்ப நேர்ந்தால் மூன்றாம் முறைக்குக் காத்திராதீர்கள். மாறாக, ஐந்தாண்டுக்கு உட்பட்ட இயந்திரமாயின் திருத்துவதே தக்கது. அதற்குமுன் உத்தரவாதப் பத்திரத்தைத் தேடிப் பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய இயந்திரங்கள் பல ஆர்-22 என்னும் வாயுவைக் கொண்டவை. அது வானிலுள்ள ஓசோன் படையைச் சிதைப்பது. 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையும் அதன் பிந்திய திருத்தங்களும் விதித்தபடி, நம்மைப்போன்ற வளர்முக நாடுகள் 2030 ஆம் ஆண்டளவில் அதனைக் கைவிடவேண்டும். பழைய இயந்திரங்களைப் பேணுவதற்கென மிகச் சிறிய அளவே 2040 வரை அனுமதிக்கப்படும். ஆகவே அவ்வாயுவை நம்பியுள்ள இயந்திரத்தின் பெருந்திருத்தத்திற்குப் பணம் இறைப்பது வீண். ஆர்-32, ஆர்-410ஏ ஆகியவற்றைப் பழைய பெட்டியில் ஊற்றி ஒப்பேற்றவும் முடியாது. அவை மிகுந்த அழுத்தத்தில் இயங்குபவை. ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியதுமாகும். எவ்வாயு உள்ளதென்பது வெளிப்பெட்டியில் ஒட்டிய தகட்டில் எழுதப்பட்டிருக்கும்.

பழையதைக் கழற்றும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிட இடங்கொடாதீர்கள். உரிய கருவிகொண்டு அதனை உருளையில் சேகரிக்கும்படி திருத்துநரைக் கேளுங்கள். நம் அறையைக் குளிரவைத்த பொருள் பிள்ளைகளின் உலகத்தைச் சுடவைத்தல் முறையன்று.

சிக்கனம் நல்ல குணம். ஆனால் கணக்குப் பாராத சிக்கனம் செலவாளியின் கையைவிடப் பெரிய ஓட்டையுடையது. பழைய பெட்டியை வண்டியில் ஏற்றிய அன்று தாயார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம், அதுக்கும் வயசு போயிற்று மகன், நீதான் விட மாட்டன் எண்டு நிண்டாய்" என்றார். அவர் சொன்னது சரியே. கழுவிச் சீராகுமெனில் கழுவுங்கள். கழுவியும் திருத்தியும் சீராகாதெனில், நோயாளி நித்திரை கொள்ளும் அறையில் நாளை பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள்.