கவுன்ட்டரில் கத்தாதீர்கள், எழுதிக் கொடுங்கள்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் புகார் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களில் நான்கைந்து பேராவது பொழுதுபோக்குப் பூங்காவில் ஏமாந்தவர்களாக இருப்பார்கள். "புதுசா ஒரு பகுதி திறந்திருக்காங்கன்னு விளம்பரம் பார்த்தோம் சார்" என்றுதான் பேச்சு தொடங்கும்.

சென்ற ஆண்டு திருநெல்வேலியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார். ராத்திரி ரயிலேறி வந்து, சென்னைக்கு வெளியே ஒரு பூங்காவுக்கு டிக்கெட்டுக்கு மட்டும் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டியிருக்கிறார்கள். விளம்பரத்தில் ஏழு சறுக்குகள். உள்ளே போனால் மூன்றின் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறது. அலைக்குளத்தில் தண்ணீரே விடவில்லை. பெரிய ராட்டினத்தில் சின்னவனை உயரம் போதாது என்று இறக்கிவிட்டார்கள். ஆனால் அவனுக்கும் முழு டிக்கெட்.

விளம்பரம் இருக்கிறதா என்று கேட்டேன். "அது செல்போன்ல வந்துச்சு சார், இப்ப காணோம்." டிக்கெட்? "கையில கட்டின பட்டையை வெளியே வரும்போது அறுத்துப் போட்டுட்டோம்." எழுதி ஏதாவது கொடுத்தீர்களா? "கவுன்ட்டர்ல நல்லா சத்தம் போட்டோம் சார்."

இந்தக் கடைசி பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கவுன்ட்டரில் நிற்கிற பையனுக்கு ஒரு ரூபாயைத் திருப்பித் தரவும் அதிகாரம் கிடையாது. அவனிடம் போட்ட சத்தத்துக்கு எந்தப் பதிவும் இல்லை. நிர்வாகத்தைப் பொறுத்தவரை அந்தக் குடும்பம் சந்தோஷமாக வந்து சந்தோஷமாகப் போனது.

சென்னையைச் சுற்றி விஜிபி, எம்ஜிஎம் என்றிருந்த வரிசையில் 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லாவும் சேர்ந்துவிட்டது. போட்டி கூடும்போது ஒவ்வொரு பூங்காவும் ஏதாவது புதுப் பகுதியைச் சேர்த்துக்கொண்டேதான் இருக்கும். அதில் தவறில்லை. விடுமுறைக்கு முன்னால் திறந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் விளம்பரம் முந்திக்கொண்டு வேலை பின்தங்கும்போதுதான் வம்பு. பாதி முடிந்த இடத்துக்கு முழு விலை வாங்குகிறார்கள்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாம் எதிர்பார்த்தது வேறு, அவர்கள் வாக்குக் கொடுத்தது வேறு. கூட்டம் அதிகம், வெயில் அதிகம், ராட்டினம் நினைத்த அளவுக்குப் பயமுறுத்தவில்லை என்பதெல்லாம் ஏமாற்றம்தான். சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் ஏழு சறுக்கு என்று சொல்லி நான்கை மட்டும் ஓட்டினால் அது சேவைக் குறைபாடு. படத்தில் கோட்டையைக் காட்டிவிட்டு நேரில் சாரத்தையும் தகரத் தடுப்பையும் காட்டினால் அது தவறாக வழிநடத்தும் விளம்பரம். உயரக் கட்டுப்பாட்டைப் பணம் கட்டிய பிறகு சொன்னால், முக்கியத் தகவலை மறைத்ததாக வாதிடலாம். என்னிடம் வருகிற பாதிப் பேர் மூன்று பக்கத்துக்குக் கூட்டத்தையும் வெயிலையும் எழுதிவிட்டு, மூடிக் கிடந்த சறுக்கைக் கடைசி வரியில் சொல்கிறார்கள். அதை முதல் வரியில் எழுதுங்கள்.

"இதெல்லாம் ஜாலிக்குப் போற இடம், இதுக்குப் போய் கேஸா" என்று உறவினர்கள் தடுப்பதையும் பார்க்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(42), சேவை என்றால் என்ன என்று பட்டியலிடும்போது வங்கி, காப்பீடு, போக்குவரத்து ஆகியவற்றோடு பொழுதுபோக்கையும் கேளிக்கையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தைக் கேள்வி கேட்கிற அதே உரிமை இங்கேயும் உண்டு.

விளம்பரப் படத்தை நம்பிப் போவதில் உள்ள ஆபத்து இப்போது பன்மடங்கு. 2024 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், செயற்கை நுண்ணறிவால் வரைந்த வண்ணப் படங்களைக் காட்டி மிட்டாய்த் தொழிற்சாலை போன்ற ஒரு மாய உலகம் என்று டிக்கெட் விற்றார்கள். போன குழந்தைகள் கண்டது ஏறக்குறைய வெறுமையான ஒரு கிடங்கு. அழாத குறையாக நின்ற பெற்றோர் போலீசை அழைத்தார்கள், நிகழ்ச்சி அன்றே நின்றது. அப்படிப் படம் வரைய இங்கும் ஒரு செல்போன் போதும்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை போட்டது. பெரிய எழுத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பொடி எழுத்தில் அதை மறுக்கக் கூடாது. நிபந்தனையை, வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் சொல்ல வேண்டும். தமிழில் விளம்பரம் போட்டு, "சில ரைடுகள் இயங்காமல் போகலாம்" என்பதை மட்டும் ஆங்கிலத்தில் அடியில் ஒளித்துவைப்பது இதற்கு விரோதம். அதே ஆணையம் 2023 நவம்பரில் இணைய விற்பனைத் தந்திரங்கள் 13-ஐத் தடை செய்தது. ஒரு விலையைக் காட்டிவிட்டுப் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் கட்டணங்களைக் கூட்டுவது, நாம் கேட்காத சாப்பாட்டுக் கூப்பனையோ நன்கொடையையோ கணக்கில் சேர்ப்பது, "இன்னும் மூன்று டிக்கெட்தான் மிச்சம்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது எல்லாம் அதில் அடக்கம்.

"கொடுத்த பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்ற பலகையைப் பார்த்ததும் படித்தவர்கள்கூட அடங்கிப் போகிறார்கள். அந்தப் பலகை சட்டமில்லை. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை ரசீதில் சொன்ன காலத்துக்குள்ளும், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திருப்பித் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று பிரிவு 2(47) சொல்கிறது. ரசீது கொடுக்காமல் விடுவதும் அதே பிரிவில் வருகிறது.

இனி செய்ய வேண்டியது. இதைத் தயவுசெய்து மெதுவாகப் படியுங்கள்.

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விளம்பரத்தையும், பூங்காவின் இணையப் பக்கத்தில் ரைடுகளின் பட்டியலையும், விலையையும், உயரக் கட்டுப்பாட்டையும் செல்போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். தேதி தெரிய வேண்டும். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். புகார் எழுந்ததும் முதலில் காணாமல் போவது விளம்பரம்தான். நுழைவாயிலில், இன்று எந்தெந்த ரைடு ஓடவில்லை என்று கேளுங்கள். உள்ளே மூடிக் கிடப்பதைப் படம் பிடிக்கும்போது பலகையும் கயிறும் தெரிய எடுங்கள். கைப்பட்டையையும் ரசீதையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

வெளியே வருமுன் ஒரு வெள்ளைத்தாளில் ஐந்து வரி போதும். தேதி, டிக்கெட் எண், மூடிக் கிடந்தவை எவை, யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் சொன்னார்கள். மேலாளரிடம் கொடுத்து நகலில் கையெழுத்தும் முத்திரையும் கேளுங்கள். மறுத்தால், வாயிலைத் தாண்டுமுன்பே அந்தத் தாளைப் படம் பிடித்து அவர்களுடைய மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பிய நேரம் அதில் பதிவாகிவிடும், அதுதான் உங்களுக்குக் கையெழுத்து. திரும்பவும் சொல்கிறேன், கத்துவதால் பயனில்லை. எழுதிக் கொடுங்கள்.

ஊர் திரும்பியதும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணும் உண்டு. அவர்கள் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிச் சமரசத்துக்கு முயல்வார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆகவே அந்தப் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்துக்கு எழுத்து மூலமாக ஒரு நோட்டீசும் அனுப்பிவிடுங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால், தபால் நிலையத்தில் ஸ்பீடு போஸ்ட் என்று கேட்டுப் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு பணம், எதற்காக, எத்தனை நாளுக்குள் என்று மூன்றையும் எழுதுங்கள். 15 நாள் கொடுத்தால் நியாயம்.

பதில் இல்லையா, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். இங்கேதான் பெரும்பாலோர் ஒரு தவறான எண்ணத்தால் நின்றுவிடுகிறார்கள். பூங்கா செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தால் செங்கல்பட்டுக்கு அலைய வேண்டும் என்று நினைக்கிறார்கள். தேவையில்லை. பிரிவு 34-இன்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியிலேயே கொடுக்கலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்துக்குக் கட்டணமே இல்லை. நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்து இது கணக்கிடப்படுவதில்லை, டிக்கெட்டுக்குக் கட்டிய தொகைதான் கணக்கு. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நீங்களே வாதாடலாம்.

புகார் மனு, நிகழ்ச்சிகளைத் தேதிவாரியாகச் சொல்லும் ஒரு பட்டியல், உறுதிமொழி ஆவணம், ரசீது, ஸ்கிரீன்ஷாட் அச்சுகள், நோட்டீஸ் நகல், தபால் ரசீது. இவற்றைக் குறைந்தது மூன்று படிகளாகக் கோர்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு கூடினால் படியும் கூட வேண்டும். டிக்கெட்டை வேறொரு செயலியில் வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். இல்லாவிட்டால் பூங்கா செயலியைக் காட்டும், செயலி பூங்காவைக் காட்டும். இணையத்தில் கொடுப்பதானால் 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளம் இருக்கிறது. புகாரை ஏற்பதா என்பதை 21 நாளுக்குள் ஆணையம் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே 2020-இல் சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போடுகிறார்கள். உறுப்பினர் பணியிடங்களைக் காலியாக வைத்துக்கொண்டு மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று மேடையில் பேசுவதை அரசு நிறுத்த வேண்டும்.

உங்கள் பணம் வந்தால் போதாது, அந்த விளம்பரமே நிற்க வேண்டும் என்றால் வழி வேறு. பிரிவு 17-இன்படி தவறான விளம்பரம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம். இது பல ஆட்சியர் அலுவலகங்களிலேயே தெரிவதில்லை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுவைக் கொடுத்தால் சுற்றுலாத் துறைக்கு அனுப்பிக் கோப்பை முடித்துவிடுகிறார்கள். அதனால் மனுவின் தலைப்பிலேயே "நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 17-இன் கீழ்" என்று எழுதுங்கள். மத்திய ஆணையம் முதல் தடவைக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

கடைசியாக, பணத்தைவிடப் பெரிய விஷயம். புதிய பகுதி என்றால் புதிய இயந்திரம். 2016 மே மாதம் தாம்பரம் அருகே ஒரு பூங்காவில் புதிய ராட்டினத்தைச் சோதனை ஓட்டம் பார்த்தபோது விபத்து நேர்ந்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். 2025 மே மாதம் ஈஞ்சம்பாக்கத்தில் ஒரு ராட்டினம் உயரத்தில் நின்றுபோய், குழந்தைகளோடு மணிக்கணக்கில் தொங்கியவர்களைத் தீயணைப்பு வீரர்கள் இறக்கினார்கள். ஒரு பகுதி மூடியிருந்தால், காசு கொடுத்திருக்கிறோம் திற என்று சண்டை போடாதீர்கள். பழுது பார்க்கட்டும், பணத்தை எழுதிக் கேளுங்கள். இடுப்புப் பட்டை சரியாகப் பூட்டவில்லை என்றால் ஏறாதீர்கள். உயரம் போதாத பிள்ளையைக் குதிகாலை உயர்த்தி நிற்கவைத்து ஏற்றிவிடுகிற பெற்றோரை நானே பார்த்திருக்கிறேன். அதைச் செய்யாதீர்கள்.

அடிபட்டால் முதலுதவி அறையோடு விடாமல் மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். நுழையும்போது வாங்கிய "நிர்வாகம் பொறுப்பல்ல" கையெழுத்து, அவர்களுடைய அலட்சியத்துக்கு மன்னிப்புச் சீட்டு ஆகாது. ராட்டினத்துக்குத் தகுதிச் சான்று இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். எந்த அலுவலகம் என்று குழம்ப வேண்டாம். உள்ளாட்சி அமைப்புக்கு அனுப்புங்கள். தங்களிடம் இல்லையென்றால் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றியனுப்ப வேண்டும், அது சட்டம்.

திருநெல்வேலிக் குடும்பத்துக்கு வருவோம். பணம் கட்டிய விவரம் யுபிஐ பதிவில் கிடைத்தது. டிக்கெட் மின்னஞ்சலில் கிடந்தது. விளம்பரத்தை மாமியார் தன் வாட்ஸ்அப்பில் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார். தேதியோடு அங்கே அப்படியே இருந்தது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அவர்கள் பதினோராவது மாதத்தில் கொடுத்துவிட்டார்கள். உங்களிடமும் அப்படி ஒரு டிக்கெட் இருந்தால், அதன் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.