பேய்வீட்டுக் கதையின் இரண்டாம் பாகம்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய கரையோர ஊர்களில், மஃரிபுப் பாங்கு ஒலித்த பின்னர்ப் பாழ்வளவுப் பக்கம் போகலாகாது என்று பிள்ளைகளைத் தடுப்பது மூத்தோர் வழக்கம். காரணம் கேட்டால், அங்கே ஜின் இருக்கிறது என்பர். அது எப்போது வந்தது, யார்மீது அதற்குக் கோபம் என்று எவரும் துருவுவதில்லை. இறந்தவர் ஆவியாய்த் திரும்பிவந்து பழிதீர்ப்பர் என்பது இஸ்லாமிய நம்பிக்கையன்று. ஜின் நெருப்பிலிருந்து படைக்கப்பட்ட வேறோர் இனம். மனிதரின் எச்சம் அன்று. ஆகவே அதற்கு ஒரு முன்கதை வேண்டியதில்லை. அதே வளவைப் பற்றி மறுநாள் இரவு இன்னொரு கதை சொன்னாலும் கேட்பவர் அச்சம் குறைவதில்லை.

இவ்வூர்களில் விரும்பிப் பார்க்கப்படும் தமிழ்ப் படங்களின் பேயோ பெரும்பாலும் முறைப்பாட்டோடு வருவது. கொலையுண்ட பெண், கொன்ற செல்வன், பூட்டிய அறை என்று அதற்கொரு வழக்கு உண்டு. இடைவேளைக்குப் பின் வழக்கு விசாரிக்கப்படும். இறுதியில் தீர்ப்பும் கிடைத்துவிடும். தீர்ப்பு ஆன பின்னர் அந்த வீட்டில் பேய்க்கு என்ன வேலை? இரண்டாம் பாகம் எடுக்கப் புகுவோர் முட்டிக்கொள்ளும் சுவர் இதுவே.

சுந்தர் சி. இயக்கி 2014 முதல் 2024 வரை வெளிவந்த நான்கு 'அரண்மனை'ப் படங்கள் இந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போயின. ஒவ்வொன்றிலும் வேறு குடும்பம், வேறு பழி. பேய் எப்போது தோன்றும், நகைச்சுவை நடிகர் எப்போது அலறுவார் என்பதெல்லாம் பார்ப்போர்க்கு மனப்பாடம். பொழுது நன்றாகவே போகிறது. வீடு திரும்பியபின் விளக்கைத் தேடும் கை மட்டும் நடுங்குவதில்லை.

'சந்திரமுகி'யின் கதி வேறு. 1993இல் பாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' என்ற மலையாளப் படமே அதன் மூலம். கதை மது முட்டத்தினுடையது. பி. வாசு அதனை 2004இல் கன்னடத்திலும் 2005இல் தமிழிலும் எடுத்தார். பழைய மாளிகை, பூட்டிய அறை, நள்ளிரவுச் சலங்கையொலி எல்லாம் உண்டு. பேய் மாத்திரம் இல்லை. என்றோ இறந்த நடனமாதின் துயரத்தைத் தன் உள்ளத்தில் ஏற்றுக்கொண்ட கங்கா என்ற இளம் மனைவியே அங்கு நோயாளி. மந்திரவாதியின் சடங்கையும் மருத்துவர் தமது சிகிச்சைக்கே கருவியாக்குகிறார். ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிய ஒருத்தியின் வேதனையை எவருமே கண்டுகொள்ளவில்லை என்பதுதான் அப்படத்தின் உண்மையான பயங்கரம்.

2023இல் அதே இயக்குநர் எடுத்த 'சந்திரமுகி 2' அந்த நடனமாதை மெய்யான ஆவியாக்கிற்று. அரசனின் ஆவியையும் துணைக்கு அழைத்தது. வடிவேலு பழைய வேடத்திலேயே வருகிறார். ஆனால் ஆவி உண்மை என்றால், மருத்துவர் கண்டது என்ன? கங்கா பட்ட பாடுதான் என்ன? மூலக்கதையை இந்தியில் தழுவிய 2007ஆம் ஆண்டுப் படத்துக்கும் 2022இல் வந்த இரண்டாம் பாகம் இதையே செய்தது. ஏமாற்றம் தந்திரக் காட்சிகளின் குறையால் வந்ததன்று. உளநோயை ஜின் பிடித்ததென்றோ பேய் பிடித்ததென்றோ கருதி, மருத்துவரிடம் காலந்தாழ்த்திக் கொண்டுசெல்லும் வீடுகள் கிழக்குக் கரையிலும் உண்டு, தமிழகத்திலும் உண்டு. அவர்களிடம் இன்னொரு வழியை வாதமின்றிச் சொன்ன முதற்படத்தின் விடையை இரண்டாவது அழித்துவிட்டதே!

அஜய் ஞானமுத்துவின் 'டிமான்ட்டி காலனி' (2015) அஞ்சவைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. போர்த்துக்கேய வணிகர் ஒருவரின் பெயர் தாங்கிய, சென்னை ஆழ்வார்பேட்டையிலுள்ள இடத்தை வைத்துப் புனைந்த கதை அது. பாழடைந்த மாளிகைக்குள் புகுந்த நான்கு இளைஞரை அச்சம் அங்கேயே விட்டுவிடாமல், அவர்கள் வாடகைக்கிருந்த சிறிய அறைவரை தொடர்கிறது. கல்முனைப் பக்கத்தில் வீடு சீதனமாய் மகளுக்குச் செல்வது வழக்கம். அதன் ஒவ்வொரு மூலையும் அங்குள்ள பெண்களுக்குப் பழகியது. தொலைவிலுள்ள அரண்மனை அவர்களை அச்சுறுத்தாது. பழகிய அறை திடீரென அந்நியமானால் அச்சுறுத்தும்.

2024இல் வந்த அதன் இரண்டாம் பாகம் இரட்டைச் சகோதரன் ஒருவனைக் கொண்டு, முதற்படம் சொல்லாமல் விட்டதைத் தேடுகிறது. விதிகளும் விளக்கங்களும் பெருகுமிடங்களில் பிடி தளர்கிறது என்பது மெய்யே. ஆனால் முதற்படத்தை அது பொய்யாக்கவில்லை. அடுத்த பாகத்துக்கும் ஒரு கதவைச் சற்றே திறந்து வைத்துத்தான் முடிகிறது.