டயரில் 32, ரத்தத்தில் 120: எதில் அழுத்தம் அதிகம்?

பெட்ரோல் பங்கில் டயருக்கு 32 வைக்கச் சொல்கிறீர்கள். டாக்டரோ உங்கள் ரத்த அழுத்தம் 120 என்கிறார். அப்படியானால் டயரைவிட ரத்தக்குழாயில் நான்கு மடங்கு அழுத்தமா?

இல்லை. படியால் அளந்த அரிசியையும் ஆழாக்கால் அளந்த அரிசியையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியுமா? எட்டு ஆழாக்கு சேர்ந்தால்தானே ஒரு படி! இங்கேயும் அளவை வேறு.

டயரின் 32 என்பது பி.எஸ்.ஐ. கணக்கு. ஒரு சதுர அங்குலத்தின் மீது 32 பவுண்டு எடை அழுத்துவதற்குச் சமம். ரத்தத்தின் 120 பாதரசக் கணக்கு. குழாயில் பாதரசத்தை 120 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தும் அழுத்தம் அது.

ஏன் பாதரசம்? அது தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். அதே 120-ஐத் தண்ணீரால் அளக்க 1.63 மீட்டர் குழாய் வேண்டும்! ஆங்கிலேய ஆய்வாளர் ஸ்டீபன் ஹேல்ஸ் 1733-ல் வெளியிட்ட குதிரைச் சோதனையில், ரத்தம் கண்ணாடிக் குழாயில் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. பாதரசம் வந்த பிறகுதான் கருவி மேசைக்குள் அடங்கியது.

சரி, எப்படி மாற்றுவது? நம்மைச் சுற்றியுள்ள காற்றையே பொது அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்தில் அதன் அழுத்தம் பாதரசக் கணக்கில் 760, பி.எஸ்.ஐ.யில் 14.7. வகுத்தால் ஒரு பி.எஸ்.ஐ. என்பது ஏறக்குறைய 51.7 மில்லிமீட்டர் பாதரசம்.

இப்போது பாருங்கள்: ரத்தத்தின் 120 வெறும் 2.3 பி.எஸ்.ஐ.தான். டயரில் இருப்பது அதைப்போல் சுமார் 14 மடங்கு.

கார் கதவோரம் ‘பார்’ என்ற இன்னொரு அளவையில் 2.2 என்று ஒட்டியிருந்தாலும் குழம்ப வேண்டாம். அதுவும் இதே 32-தான்.