நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் செவிலியர் உதவியாளர்கள்

அமெரிக்காவின் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் மருத்துவர் தினமும் வருவதில்லை. செவிலியருக்கு மருந்து, ஊசி, பதிவேடு என்றே பொழுது போய்விடும். முதியவரைக் காலையில் எழுப்புவது முதல் இரவில் படுக்கவைப்பது வரை உடனிருப்பவர் செவிலியர் உதவியாளர்தான். பல் துலக்கிவிடுவது, குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது எல்லாம் அவர் பொறுப்பு. மருந்து கொடுப்பது பொதுவாக அவர் வேலையல்ல. தனிப் பயிற்சி பெற்றவர்களுக்குச் சில மாநிலங்கள் அனுமதி தருகின்றன.

பயிற்சி

இல்லங்களின் நிலை மோசமாக இருப்பதை இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் என்ற அமைப்பு 1986இல் ஓர் அறிக்கையில் எடுத்துக்காட்டியது. அதன் பயனாக 1987இல் சீர்திருத்தச் சட்டம் வந்தது. உதவியாளருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, அதில் 16 மணி நேரம் மேற்பார்வையில் செய்முறை, பிறகு தேர்வு, மாநிலப் பதிவேட்டில் பெயர் என்று விதிகள் ஏற்பட்டன. ஆண்டுதோறும் 12 மணி நேரத் தொடர்பயிற்சியும் கட்டாயம். ஓர் உயிரை ஒப்படைக்க 75 மணி நேரம் போதாது. கலிபோர்னியா 160 மணி நேரம் கேட்பது நியாயமே.

படுக்கைப் புண்

உதவியாளரின் திறமை பளிச்சென்று தெரிவது இங்கேதான். தானாகப் புரள முடியாதவரை வழக்கமாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்கிறார்கள். முதுகின் அடிப்பகுதி, இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களைக் குளிப்பாட்டும்போதே பார்த்துவிட வேண்டும். விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் சிவந்தே நிற்கும் இடம் புண்ணின் முதல் நிலை. கறுத்த தோலில் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. உள்ளே தசை மேலும் சிதையும்.

உணவும் உடையும்

நிமிர்த்தி உட்காரவைத்து, சிறு சிறு கவளமாக, முந்தையதை விழுங்கினாரா என்று பார்த்தே அடுத்ததை ஊட்ட வேண்டும். அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரலாம். பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது முதலில் செயலிழந்த கை, கழற்றும்போது கடைசியில் அந்தக் கை. இந்த வரிசை தெரியாதவர் வலிக்க இழுத்துவிடுவார்.

முதலில் கவனிப்பவர்

முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் தொற்று இருக்கலாம். நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்தவர் இன்று தடுமாறுகிறார், தட்டில் பாதி மிஞ்சுகிறது, எப்போதும் தூங்கி வழிகிறார் என்பவை அதன் அடையாளமாகலாம். ஒரு மாதத்தில் எடை 5 சதவீதம் குறைந்தால் உடனே கவனிக்க வேண்டும். உதவியாளர் இவற்றைச் செவிலியரிடம் சொல்வதும், செவிலியர் அதைக் காதுகொடுத்துக் கேட்பதும் நோயாளியை ஆபத்திலிருந்து காப்பாற்றும். மறதி நோய் உள்ளவரை ஒரே உதவியாளர் தொடர்ந்து கவனிப்பது நல்லது. பழகிய முகம் என்றால் மிரட்சி குறையும், மாற்றமும் சட்டென்று பிடிபடும்.

ஆள் பற்றாக்குறை

ஒருவரே பலரைப் பார்க்கும்போது மேற்சொன்ன எதுவும் ஒழுங்காக நடக்காது. இருவர் சேர்ந்து தூக்க வேண்டியவரை ஒருவர் தூக்கினால் முதியவர் விழுவார், உதவியாளருக்கு முதுகு போகும். அமெரிக்க இல்லங்கள் ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை செவிலியர்கள், எத்தனை உதவியாளர்கள் என்பதைத் தினமும் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். பெற்றோரை அங்கே சேர்க்கப் போகிறவர்கள் அந்த அறிவிப்பை, முக்கியமாக இரவு ஷிப்டின் எண்ணிக்கையை, படித்துவிட்டு முடிவெடுங்கள்.